பள்ளிக் குழாய்த் தண்ணீரில் காரீயம்: சோதிப்பது எப்படி, கிடைத்தால் என்ன செய்வது

பள்ளி வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடிநீர்க் குழாய்கள். இரண்டுக்கும் தண்ணீர் வருவது ஒரே இடத்திலிருந்து. ஆனாலும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒன்றில் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் காரீயம் என்றும் மற்றதில் 40 என்றும் வரலாம். ஆய்வகம் குழப்பிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஒரு குழாயின் பித்தளை வேறு, அதன் பின்னால் பற்றவைத்த விதம் வேறு, அதை நாளுக்கு எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பது வேறு.

இது மனதில் பதிந்தால் மீதி வேலை சுலபம். "எங்கள் பள்ளித் தண்ணீர் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் குழாய், எத்தனை மணி நேரம் தேங்கிய தண்ணீர் என்று கேட்க வேண்டும். ஏதோ ஒரு குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, சுத்தமான அறிக்கை வாங்கி, சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அந்த அறிக்கை அந்த ஒரு குழாய்க்கு மட்டும்தான் பேசும்.

தொடங்குமுன் சொற்களில் இரண்டு சிக்கல். பேச்சில் ஈயம் என்கிறோமே, அது இரண்டு உலோகங்களுக்கும் பொதுவாகிவிட்டது. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், அது வேறு. இங்கே பேசுவது காரீயம். ஆய்வக அறிக்கையில் 'லெட்' என்று இருக்கும். இரண்டாவது, தமிழில் திருகித் திறப்பதும் குழாய், சுவருக்குள் ஓடுவதும் குழாய். இந்தக் கட்டுரையில் திறந்து மூடுவதைக் குழாய் என்றும், உள்ளே ஓடுவதைப் பைப் என்றும் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் எப்படி வருகிறது

ஆற்றிலோ ஏரியிலோ கிணற்றிலோ கவலைப்படும் அளவுக்குக் காரீயம் இருப்பது அரிது. வழியில்தான் சேருகிறது. தெருவிலிருந்து கட்டடத்துக்குள் வரும் பழைய காரீயப் பைப், செப்புப் பைப்புகளை உருக்கிப் பற்றவைக்கும் சால்டர் என்ற உலோகக் கலவை, பித்தளைக் குழாய், வால்வு, மீட்டர் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பித்தளையைக் கடைவது எளிதாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் காரீயம் சேர்ப்பது நெடுநாள் பழக்கம். சில பிவிசி பைப்புகளின் தயாரிப்பிலும் காரீயச் சேர்மங்கள் பயன்பட்டிருக்கின்றன.

கட்டடம் புதிது என்று நிம்மதியடையவும் முடியாது. அமெரிக்காவில் 1986இலேயே குடிநீர் பைப்புகளில் காரீயத்தைத் தடை செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டப்படி 'காரீயமற்ற' பைப்பிலும் குழாயிலும் 8 சதவீதம் வரை காரீயம் இருக்கலாம்! 2014இல்தான் அந்த வரம்பு, தண்ணீர் படும் பரப்பில் சராசரியாக 0.25 சதவீதம் என்று இறங்கியது. பெட்டிமேல் என்ன எழுதியிருந்தாலும், எந்த ஆண்டின் விதிப்படி எழுதியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பைப் அப்படியே இருந்தும் தண்ணீர் மாறினால் கதை மாறும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் பைப்பை அதிகம் அரிக்கும். அரிப்பைத் தடுக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டையும் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகப் பைப்பின் உட்சுவரில் படிந்து காவல் காத்துவந்த படலம் கரைந்தது. அதோடு காரீயமும் இறங்கியது. 2015 அக்டோபரில் பழைய நீராதாரத்துக்கே திரும்பினார்கள். நேற்றுவரை நல்ல தண்ணீர் தந்த பைப், தண்ணீரின் வேதியியல் மாறிய பிறகு நல்லதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் இதில் இன்னும் மோசம். வீட்டில் இரவு ஏழெட்டு மணி நேரம்தான் தண்ணீர் தேங்கும். பள்ளியில் மாலை நான்கு மணிக்கு நின்றது மறுநாள் காலைவரை அசையாது. வார இறுதி, விடுமுறை என்றால் நாள்கணக்கில் பித்தளையோடும் சால்டரோடும் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் முதலில் ஓடிவந்து குடிக்கும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர்தான்.

பிள்ளைகளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? விழுங்கிய காரீயத்தைச் சிறு குழந்தையின் உடல், பெரியவர் உடலைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைகளிடம் இது மேலும் கூடும். வளரும் மூளையைத்தான் அது தாக்குகிறது: கவனம், கற்றல், நடத்தை. பெரும்பாலும் வாந்தி, காய்ச்சல் என்று எதுவும் காட்டாது. நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

படி 1: மூன்று பேர், ஒரு வரைபடம்

பெரிய குழு வேண்டாம். முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர், அதாவது தலைமையாசிரியரோ நிர்வாகியோ. குறிப்பு எழுத ஒருவர். மூன்றாவதாக, கட்டடத்தின் பைப்புகளைக் கையால் தொட்டுப் பழகிய பராமரிப்புப் பணியாளர். பலர் இந்த மூன்றாவது ஆளைக் கூப்பிடவே மறந்துவிடுகிறார்கள். எந்தச் சுவருக்குள் எந்த ஆண்டு பைப் மாற்றினார்கள், எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தைவிட அவர் தலைக்குள்தான் இருக்கும்.

மூவரும் கட்டடத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் தொடங்கி, அது போகும் வழியிலேயே போங்கள். வாயில் போகும் தண்ணீர் தரும் ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண் கொடுத்துப் படத்தில் குறியுங்கள். குடிநீர்க் குழாய், வாட்டர் கூலர், சமையலறைக் குழாய், ஐஸ் செய்யும் இயந்திரம், மருத்துவ அறையில் மாத்திரை விழுங்கத் தண்ணீர் பிடிக்கும் குழாய், ஆசிரியர் அறை, விளையாட்டு மைதானத்தின் ஓரத்துக் குழாய் எல்லாம் சேர வேண்டும். "அதில் யாரும் குடிக்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால், இடைவேளையில் அங்கே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கழிப்பறைக் கைகழுவும் குழாயில் பாட்டில் நிரப்பும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள்.

வாட்டர் கூலரைத் தனியாகக் குறியுங்கள். அமெரிக்காவில் சில கூலர்களின் உள்தொட்டியே காரீயப் பூச்சு கொண்டது என்று தெரியவந்து, 1988இல் அதற்கென்றே சட்டம் போட வேண்டியிருந்தது. பழைய கூலர் என்றால் தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், வாங்கிய ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள்.

கட்டடத்துக்குள் நுழையும் பைப் கண்ணுக்குத் தெரிந்தால் ஒரு சின்ன சோதனை. நாணயத்தின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். மங்கிய சாம்பல் நிறப் பைப், சுரண்டிய இடத்தில் வெள்ளியாகப் பளபளத்து, மென்மையாகவும் இருந்து, காந்தமும் ஒட்டாவிட்டால் அது காரீயம். காந்தம் ஒட்டினால் இரும்பு அல்லது துத்தநாகம் பூசிய இரும்பு. சுரண்டினால் செந்நிறம் தெரிவது செம்பு. துத்தநாகப் பூச்சு என்றதும் விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் எங்காவது காரீயப் பைப் இருந்திருந்தால், அந்தக் காரீயம் இரும்பின் துருவில் ஒட்டிக்கொண்டு, முன்பைப்பை மாற்றிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். சுரண்டியபின் கையைக் கழுவுங்கள்.

படி 2: ஆய்வகத்தைப் பிடிப்பது

கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டரைக் காட்டி "நம் தண்ணீர் 90தான், அருமை" என்பவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வது. அது காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். நாம் தேடும் 10 மைக்ரோகிராம் அதில் நூறில் ஒரு பங்கு. காரீயத்துக்கு அது குருடு. நிறம் மாறும் காகிதப் பட்டைகளையும் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்கு நான் நம்ப மாட்டேன்.

ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம், அதுவும் குடிநீரில் காரீயம் அளப்பதற்கான அங்கீகாரம், உள்ள ஆய்வகத்தைத் தேடுங்கள். ஐசிபி-எம்எஸ் என்ற கருவியிலோ கிராஃபைட் உலை அணு உறிஞ்சல் முறையிலோ அளப்பார்கள். போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நீங்கள் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன?" லிட்டருக்கு 1 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ என்றால் சரி. "10க்குக் கீழ்" என்று மட்டும் எழுதித் தரும் ஆய்வகத்தால் பயனில்லை. 1ஆ, 9ஆ என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

பாட்டில்களை அவர்களிடமே வாங்குங்கள். 250 மில்லிலிட்டர், அகன்ற வாய், பிளாஸ்டிக். ஏன் 250? குழாயின் உடலிலும் அதையொட்டிய சிறு பைப்பிலும் தேங்கிய தண்ணீர் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு லிட்டர் பிடித்தால் பின்னால் வரும் தண்ணீரும் கலந்து, குழாயின் குற்றம் நீர்த்துப்போகும். வாய் அகலம் எதற்கென்றால், குழாயை வழக்கமான வேகத்தில் திறந்தாலும் சிந்தாமல் பிடிக்க. சில ஆய்வகங்கள் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்டே கொடுக்கும். அப்படியானால் அதைக் கழுவக்கூடாது, வழியவிடக்கூடாது, மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. அமிலம் இல்லாமல் வாங்கி, 14 நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்த்து அவர்களையே விடச் சொல்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

படி 3: மாதிரி எடுக்கும் காலை

எல்லாம் கெட்டுப்போவதும் இங்கேதான், சரியாக அமைவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீர் குறைந்தது 8 மணி நேரம் தேங்கியிருக்க வேண்டும், 18 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. பள்ளிகளுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு இது. சாதாரணப் பள்ளி நாளின் இரவு இதற்குச் சரியாகப் பொருந்தும். வார விடுமுறை முடிந்த காலை வேண்டாம். அது இரண்டு நாள் ஊறிய தண்ணீர். நடுவாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின மாலை, எந்தக் குழாயையும் திறக்கக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். "எல்லாருக்கும்" என்பதில் இரவுக் காவலாளியும் அதிகாலையில் பெருக்கித் துடைப்பவரும் அடக்கம். ஒரு பள்ளியில் நாங்கள் விடியற்காலை பாட்டில்களோடு போய் நின்றபோது, காவலாளி நல்ல எண்ணத்தில் எல்லாக் குழாய்களையும் பத்து நிமிடம் ஓடவிட்டு "சுத்தம் பண்ணி வச்சிருக்கேன் சார்" என்றார். வேறென்ன செய்வது, திரும்பிப் போய் மறுநாள் வந்தோம். அன்றே எடுத்திருந்தால் அழகான அறிக்கை கிடைத்திருக்கும், உண்மை கிடைத்திருக்காது.

இதே தப்பைத் தெரிந்தே செய்வதும் உண்டு. சோதனைக்கு முன்தினம் குழாய் முனையின் சல்லடையைக் கழற்றிக் கழுவுவது, இரவெல்லாம் தண்ணீரை மெல்ல ஓடவிடுவது, பாட்டிலில் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பது. மூன்றும் எண்ணைக் குறைத்துக் காட்டும். பிள்ளை எப்படிக் குடிக்கிறதோ அப்படியே பிடிக்க வேண்டும். சல்லடை இருந்தால் இருக்கட்டும், ஃபில்டர் இருந்தால் இருக்கட்டும், குழாயை வழக்கம்போல் முழுதாகத் திறக்கட்டும்.

வரிசை முக்கியம். தண்ணீர் கட்டடத்துக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்துக் குழாயில் தொடங்கி, தூரத்தை நோக்கிப் போங்கள். கடைசிக் குழாயை முதலில் திறந்தால் வழியிலுள்ள பைப்புகளில் தேங்கியது எல்லாம் நகர்ந்துவிடும். அப்புறம் மற்றக் குழாய்களின் மாதிரிக்கு மதிப்பில்லை. மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் கட்டடமானால் தொடக்கம் மேல்மாடி. "கீழிருந்து மேலே போ" என்று எங்கோ படித்ததை அப்படியே செய்யாமல், உங்கள் கட்டடத்தில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று படத்தைப் பாருங்கள்.

ஒவ்வொரு குழாயிலும் செய்ய வேண்டியது:

1. பாட்டில் காய்ந்திருக்கும்போதே குழாய் எண், தேதி, நேரம் மூன்றையும் அழியாத மார்க்கரில் எழுதுங்கள். ஈரக் கையோடு பேனாவில் எழுதி, பின்பு எது எதுவென்று தெரியாமல் முழித்திருக்கிறேன்.
2. பாட்டிலைக் குழாய்க்கு அடியில் வைத்த பிறகே குழாயைத் திறங்கள். முதல் துளியும் உள்ளே விழ வேண்டும். குளிர்ந்த தண்ணீர்ப் பக்கம் மட்டும்.
3. 250 அளவுக் கோடுவரை நிரப்பி, மூடியை இறுக்குங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படவேண்டாம். இது முதல் மாதிரி.
4. குறிப்பேட்டில் குழாயின் வகை, நிலை, எப்போது கடைசியாகத் திறந்தது, ஃபில்டர் உண்டா என்று எழுதுங்கள். ஒரு புகைப்படமும் எடுங்கள்.

அன்றைக்கு இவ்வளவே போதும். 30 விநாடி ஓடவிட்டு எடுக்கும் இரண்டாவது மாதிரியைப் பிறகு, அளவு கூடுதலாக வந்த குழாய்களில் மட்டும், இதேபோல் ஓர் இரவு தேங்கவிட்டு எடுக்கலாம். பெரிய கட்டடத்தில் முதல் நாளே இரண்டையும் எடுக்கப்போனால், முன்குழாயை அரை நிமிடம் ஓடவிட்டதில் பக்கத்துக் குழாயின் தேக்கம் கலைந்துவிடும்.

கூடவே இரண்டு கூடுதல் பாட்டில்கள். ஒன்றில் ஆய்வகம் தந்த தூய நீரையே ஊற்றி, வேறோர் எண் கொடுத்து அனுப்புங்கள். அதில் காரீயம் வந்தால் பாட்டிலிலோ கையாள்வதிலோ கோளாறு. இன்னொன்று, ஏதாவது ஒரு குழாயில் முதல் மாதிரிக்கு அடுத்தபடியாகவே பிடித்த இரட்டை மாதிரி. அதில் எண் சற்று மாறலாம், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வந்தால் ஏதோ துகள் மாட்டியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

காசு போதாது, எல்லாக் குழாயையும் சோதிக்க முடியாது என்றால், சிறு குழந்தைகள் குடிக்கும் குழாய்களையும் சமையலறையையும் முதலில் எடுங்கள். மீதி அடுத்த சுற்றில் வரட்டும். ஆனால் சோதிக்காத குழாயை "பரவாயில்லை" என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள். அது "தெரியாது" என்ற பட்டியல்.

படி 4: அறிக்கையைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம். 0.010 மில்லிகிராமும் 10 மைக்ரோகிராமும் ஒன்றே. பிபிபி என்று போட்டிருந்தால் அது லிட்டருக்கு மைக்ரோகிராம்தான். 0.04 என்ற எண்ணைப் பார்த்து "பூஜ்யம்தானே" என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. மில்லிகிராமில் அது 40 மைக்ரோகிராம்.

எத்தனை வரை சரி? உலக சுகாதார நிறுவனத்தின் தற்காலிக வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500ம் அதையே, தளர்வில்லாமல், சொல்கிறது. கனடா 2019இல் 5 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2036க்குள் 5க்கு வர வேண்டும் என்று 2020இல் விதித்தது. அமெரிக்காவின் 15 என்ற நடவடிக்கை அளவை 2024 அக்டோபர் விதி 10 ஆக இறக்கியது. ஆனால் அது ஊர் முழுவதும் எடுத்த மாதிரிகளை வைத்து நீர் வழங்கும் நிறுவனத்தை நடவடிக்கைக்குத் தள்ளும் எண். ஒரு குழாயில் 9 வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று அதற்குப் பொருளில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016இல் பள்ளிக் குடிநீர்க் குழாய்களுக்குச் சொன்னது 1.

என்னைக் கேட்டால் பள்ளி தனக்கென்று ஓர் அளவை, மாதிரி எடுக்கும் முன்பே, எழுதி வைத்துவிட வேண்டும். எண்கள் வந்தபின் அளவைத் தேடினால், வந்த எண்ணுக்குத் தோதான அளவைத்தான் மனம் தேடும். என் தேர்வு இப்படி: 5ம் அதற்கு மேலும் வந்த குழாய் அன்றே மூடப்படும், 1க்கும் 5க்கும் இடையில் வந்தது பழுது பார்க்கும் பட்டியலில் சேரும். உங்கள் ஊர்ச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

படி 5: முதலில் மூடு, பிறகு பேசு

அறிக்கை வந்த அன்றே அந்தக் குழாயின் அடி வால்வை மூடுங்கள். மூட வழியில்லாவிட்டால் கைப்பிடியைக் கழற்றுங்கள். "குடிக்காதீர்கள்" என்று ஒட்டிய காகிதம் ஆறு வயதுப் பிள்ளையிடம் செல்லாது. வாசிக்கத் தெரிந்தவர்களிடமும் தாகத்தில் செல்லாது. கைகழுவ அந்தக் குழாய் தேவை என்றால் வைத்திருக்கலாம், காரீயம் தோல் வழியாக உடலில் ஏறுவது மிகக் குறைவு. ஆனால் அங்கே படத்தோடு கூடிய பலகை வேண்டும், பக்கத்திலேயே குடிக்க நல்ல தண்ணீரும் வேண்டும். மூடிய குழாய்க்குப் பதில் மாற்றுத் தண்ணீர் தராவிட்டால் பிள்ளைகள் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்; அதுவும் கெடுதல்தான்.

கொதிக்க வைத்தால் போய்விடும் என்ற எண்ணத்தை உடனே களையுங்கள். கிருமி சாகும், காரீயம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற மிஞ்சியதில் அது செறிவாகும். வெந்நீர்க் குழாயிலிருந்து சமையலுக்குத் தண்ணீர் பிடிப்பதையும் நிறுத்துங்கள். சூடான தண்ணீர் காரீயத்தை அதிகம் கரைக்கும்.

இப்போது இரண்டாவது மாதிரிக்கு வருவோம். முதல் மாதிரி 38, ஓடவிட்ட பின் 1 என்றால் குற்றவாளி குழாயேதான், மாற்றினால் தீரும். முதலில் 6, பிறகு 25 என்றால் சுவருக்குள் இருக்கும் சால்டர், வால்வு, பைப் என்று பின்னால் தேட வேண்டும். கட்டடத்தில் பல குழாய்களிலும் இரண்டு மாதிரிகளும் ஒரேபோல் உயர்ந்திருந்தால், தெருவிலிருந்து வரும் பைப்பைச் சந்தேகியுங்கள். நீர் வழங்குபவரோடு பேச வேண்டிய நேரம். திடீரென்று ஒரே ஒரு பாட்டிலில் 200, 300 என்று வந்தால், சால்டர் துணுக்கு ஏதாவது முனைச் சல்லடையில் சிக்கியிருக்கலாம். இப்போது அதைக் கழற்றிக் கழுவி, மறுபடி ஓர் இரவு தேங்கவிட்டு எடுங்கள்.

தீர்வுகளில் எனக்கு நம்பிக்கையான வரிசை இது: குழாயையும் அதன் பின்னுள்ள இணைப்பையும் மாற்றுவது முதலில், ஃபில்டர் இரண்டாவது, தினமும் ஓடவிடுவது கடைசி. ஓடவிடுவது செலவில்லாதது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு நாளும் யாரோ திறக்க வேண்டும், வாட்டர் கூலர் என்றால் கால் மணி நேரம் ஓட வேண்டும். மதியத்துக்குள் மறுபடி தேங்கிவிடும். அந்த ஆள் விடுப்பில் போன அன்று தீர்வும் விடுப்பில் போகிறது. நீண்ட விடுமுறைக்குப் பின் திறக்கும் நாளில் மட்டும் இது கட்டாயம்.

ஃபில்டர் வாங்கினால் என்எஸ்எஃப் 53 என்ற அமெரிக்கத் தரச் சான்றும், அதில் காரீயத்தைக் குறைக்கும் என்ற வரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 53 என்ற எண் மட்டும் போதாது. அதே எண்ணில் வேறு பொருள்களுக்கான சான்றும் உண்டு. ஆர்.ஓ. கருவிக்கு 58. யூவி விளக்கு காரீயத்தைத் தொடாது. கேட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய தேதியைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள், பொறுப்பாளர் பெயரோடு.

ஆர்.ஓ. பற்றி யாரும் எச்சரிக்காத ஒன்று. சில பள்ளிகள் கட்டடத்தின் வாயிலில் பெரிய ஆர்.ஓ. நிலையம் வைத்து, அந்தத் தண்ணீரைப் பழைய பைப்புகள் வழியாகவே வகுப்புகளுக்கு அனுப்புகின்றன. தாதுக்கள் நீங்கிய தண்ணீர் உலோகத்தை அதிகம் அரிக்கும். நிலையத்தில் எடுத்த மாதிரி பூஜ்யம் காட்டும், மூன்றாம் மாடிப் பித்தளைக் குழாயில் முன்பைவிடக் கூடியிருக்கும். ஆர்.ஓ. வைப்பதானால் குடிக்கும் இடத்திலேயே வையுங்கள், மாதிரியும் அங்கேயே எடுங்கள்.

தெருப் பைப் காரீயமாக இருந்து அதை மாற்றுவதானால் முழுதாக மாற்ற வேண்டும். பாதியை வெட்டி எடுத்துச் செப்போடு இணைத்தால், வெட்டிய அதிர்ச்சியில் துகள் உதிர்ந்து, இரு உலோகம் சேரும் இடத்தில் அரிப்பும் கூடி, சில காலம் அளவு ஏறவே செய்யும்.

படி 6: பெற்றோரிடம் சொல்வது

அறிக்கையை மறைத்து வைப்பதைவிட முட்டாள்தனம் இல்லை. எப்படியும் வெளியே வரும், வரும்போது கூடவே கோபமும் வரும். குழாயை மூடிய அன்றே கடிதம் போகட்டும். நீளம் வேண்டாம், ஆறுதல் வார்த்தைகளும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பள்ளியின் __ குழாய்களில் __ தேதி காலை தண்ணீர் மாதிரி எடுத்தோம். __ குழாய்களில் காரீயம் நாங்கள் வைத்த அளவுக்கு மேல் இருந்தது. அவை இருக்கும் இடம்: __. மிக அதிகமாக வந்தது லிட்டருக்கு __ மைக்ரோகிராம். அந்தக் குழாய்கள் __ அன்று மூடப்பட்டன. மாணவர்களுக்குக் குடிநீர் இப்போது __ இடத்தில் கிடைக்கிறது. பழுது பார்த்து மறுபடி சோதித்த பிறகே அவை திறக்கப்படும். எல்லாக் குழாய்களின் எண்களும் அலுவலகத்தில் பார்வைக்கு உண்டு."

"பயப்பட எதுவும் இல்லை" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். சேர்க்காதீர்கள். அதைச் சொல்லும் தகுதி நமக்கில்லை. பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரை மருத்துவரிடம் அனுப்புங்கள். இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். அங்கே ஓர் அலகுக் குழப்பம் காத்திருக்கிறது: இரத்தத்தில் டெசிலிட்டர் கணக்கு, தண்ணீரில் லிட்டர் கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வைத்த, டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற இரத்த அளவைத் தண்ணீரின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. இரத்தத்தில் காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும், எலும்பிலோ பல ஆண்டுகள் தங்கும். அதனால் குடிப்பதை நிறுத்திப் பல மாதம் கழித்து எடுத்த சோதனை நன்றாக வந்தாலும், முன்பு எவ்வளவு ஏறியிருந்தது என்று அது சொல்லாது. வீட்டுச் சுவரின் பழைய பெயின்டிலும் மண்ணிலும் தூசியிலும்கூடக் காரீயம் வரலாம் என்பதை மருத்துவர் கேட்பார். பெற்றோரும் யோசித்து வைக்கட்டும்.

படி 7: மறுபடி சோதிப்பது

குழாயை மாற்றியாயிற்று என்றால் வேலை முடியவில்லை. புதுப் பித்தளையும் முதல் சில வாரங்கள் கொஞ்சம் கசியவிடும். சில நாள் நன்றாக ஓடவிட்டு, வழக்கமான பயன்பாட்டுக்கு ஒப்பாகப் பழக்கி, ஓர் இரவு தேங்கவிட்டு, அதே முறையில் மாதிரி எடுங்கள். எண் நன்றாக வந்த பின்பே வால்வைத் திறக்க வேண்டும்.

அப்புறம் எப்போதெல்லாம்? நீராதாரமோ சுத்திகரிப்பு முறையோ மாறினால். பைப் வேலை, சாலை தோண்டல் நடந்தால். ஃபில்டர் வகையை மாற்றினால். இவை எதுவும் நடக்காவிட்டாலும் ஒரு கால இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் துகளாக உதிரும் காரீயம் ஒரு காலையில் வரும், மறு காலையில் வராது. ஒருமுறை 1க்குக் கீழ் வந்தது அந்தக் காலையின் செய்தி மட்டுமே.

குழாய் எண் போட்ட வரைபடம், எல்லா அறிக்கைகளும், எந்தக் குழாய் எந்தத் தேதியில் மாறியது என்ற குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒரு நகல் அலுவலகத்தில், இன்னொன்று பராமரிப்பு அறையில். புதிதாக ஒரு குழாய் பொருத்தினால் படத்தில் அதற்கு ஓர் எண் போட்டுவிட்டு, அடுத்த சுற்றுக்கு ஆய்வகத்தில் பாட்டில் கேட்கும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.